தைந்தார் மேட்டில் ஒன்பது பேர்

நேயர்களுக்கு வணக்கம். தில்லியில் தமிழ் ஆசிரியையாக இருந்தபோது, ஒரு பிப்ரவரி காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவகத்துக்கு அழைத்துப் போனேன். பனி விலகவே இல்லை. ஒரு பையனைக் கூப்பிட்டு, "உன் சிவப்பு ஸ்வெட்டர் எங்கள் கண்ணுக்கு மறையும்வரை நட, அடியை எண்ணு" என்றேன். பனிக்குள்ளிருந்து குரல் வந்தது: "நாற்பத்தொண்ணு, மிஸ்!"

அதன்பிறகுதான் நாயக் ஜதுநாத் சிங்கின் கதையைச் சொன்னேன். நாயக் என்பது ராணுவத்தில் ஒரு சிறு பதவி.

1948 பிப்ரவரி 6. காஷ்மீருக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய முதல் போர். அங்கே நௌஷேரா பக்கம் தைந்தார் மேடு. முதலாம் ராஜ்புத் பட்டாளத்தின் முன்னணிக் காவல் நிலையில் ஜதுநாத்தையும் சேர்த்து ஒன்பது பேர். இருட்டையும் பனியையும் போர்வையாக்கி எதிரிகள் தவழ்ந்தே வந்துவிட்டார்கள். பார்த்தபோது எதிரே ஒரு கூட்டம். முதல் தாக்குதலை அடித்து விரட்டினார்கள், நால்வருக்குக் காயம். மிச்சமிருந்தவர்களை இடம் மாற்றி அமர்த்தினார் ஜதுநாத். இரண்டாவது அலை வந்தது. பிரென் கன் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியைச் சுடுபவருக்கும் அடிபட்டது. செக்ஷன் என்கிற இப்படிப்பட்ட சிறு படைக் குழுவுக்கு உயிர்நாடியே அந்தத் துப்பாக்கிதான், அது ஓய்ந்தால் கதை முடிந்தது. ஜதுநாத் தாமே அதை எடுத்துச் சுட்டார். அந்த அலையும் உடைந்தது. ஆனால் இப்போது ஒன்பது பேரில் காயம்படாதவர் யாருமே இல்லை, அவர் உட்பட.

மூன்றாவது முறையும் வந்தார்கள்.

ஜதுநாத் கையில் ஸ்டென் கன்னுடன் காப்பிடத்தை விட்டு வெளியே வந்தார், தனியாக. ஸ்டென் கன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிட்டத்தில் மட்டுமே பயன்படும் சின்னத் துப்பாக்கி அது. ஒரு மேகசினில் 32 ரவை. விசையிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்தினால் நாலே விநாடியில் காலி. அதை நம்பி ஒருவர் கூட்டத்துக்கு எதிராகப் பாய்கிறார். வந்தவர்கள் கலைந்து பின்வாங்கினார்கள். பாய்ந்து வருபவர் ஒற்றை ஆள் என்று அந்தப் பனியில் அவர்களுக்கு எப்படித் தெரியும்? தலையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார். வயது 31.

அவர் வாங்கிக்கொடுத்த நேரத்தில்தான் நௌஷேராவைக் காத்த படையின் தளபதி பிரிகேடியர் உஸ்மான் அனுப்பிய உதவிப் படை வந்து தைந்தாரைக் காத்தது. அதே ஆண்டு ஜூலையில் உஸ்மானும் போர்க்களத்தில் மாண்டார். நம் தில்லியில்தான், ஜாமியா மில்லியா பக்கம் அவர் கல்லறை இருக்கிறது.

பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "அவருக்குப் பயமே இருக்காதா, மிஸ்?" எனக்கு அவர் பயம் தெரியாதவராகப் படவில்லை. உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூர்ப் பக்கம் ஒரு விவசாயி மகன், மல்யுத்தம் பழகியவர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கானில் சாவைக் கண்ணால் பார்த்தவர். அந்தக் காலையில் அவர் செய்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: எத்தனை பேருக்கு அடி என்று பார்த்தார், ஆளை மாற்றினார், ஓய்ந்த துப்பாக்கியை எடுத்தார். கடைசியில் செய்வதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதையும் செய்தார். வெறி பிடித்தவருக்கு இந்தக் கணக்கு வராது. பின்னால் கிடந்த எட்டுப் பேரும் அவர் கணக்கில் இருந்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

செங்கம் பக்கம் போனால், ஊர் மாட்டைக் காக்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட நடுகற்களைப் பார்க்கலாம். வில்லும் கத்தியுமாக நிற்பான். அந்த நினைவோடுதான் ஜதுநாத் சிங்கின் வெண்கலச் சிலை முன்னால் நின்றேன். போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது; அதைப் பெற்ற 21 பேருக்கும் நினைவகத்தில் சிலை உண்டு.

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் செங்கோட்டை, குதுப் மினார் என்று அழைத்துப் போகிறோம். இந்த நினைவகத்துக்கும் ஒரு மணி நேரம் அழைத்துப் போங்கள். கட்டணம் கிடையாது. பனி மூடிய காலையாக இருந்தால் இன்னும் நல்லது. கூட வரும் குழந்தையை நாலடி நடக்கச் சொல்லி எண்ண வையுங்கள்.

வணக்கம்.