50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய மணப்பெண்: 'ஏன்ஷியன்ட் மேகஸ் பிரைட்' வாசகர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

[திரையில்: ஏல மேடை, சிவப்பு முடிக்காரப் பெண்]

வணக்கம் மக்களே. 15 வயதுப் பெண் ஒருத்தி சங்கிலியோடு ஏல மேடையில் நிற்கிறாள், கூட்டத்திலிருந்து ஒருவன் 50 லட்சம் பவுண்டு என்று விலை சொல்லி அவளை வாங்குகிறான், இங்கிலாந்துக் கிராமத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் நீ இனி என் சிஷ்யை என்கிறான், அதோடு நிறுத்தாமல் உன்னை என் மணப்பெண்ணாக்கப் போகிறேன் என்றும் சொல்கிறான். அவனுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு வைத்த மிருகத்தின் மண்டை ஓடு. இவ்வளவும் முதல் அத்தியாயத்திலேயே.

பாதிப் பேர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதவர்களில் நிறையப் பேர் தங்களுக்கு ரொம்பப் பிடித்த தொடர் இதுதான் என்கிறார்கள். 2013 கடைசியில் கோரே யமாசாகி இந்த மங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, எழுதி வரையத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. ஸ்பாய்லர் நிறைய வரும், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

[திரையில்: சிசே, எலியாஸ்]

முதலில் எதிர்ப்பவர்கள் பக்கம். அவர்கள் சொல்வது ஒன்றும் பொய்யில்லை. அந்தப் பெண் சிசே ஹடோரிக்கு 15 வயது, அவளை வாங்கிய மந்திரவாதி எலியாஸுக்குத் தான் எப்போது பிறந்தோம் என்பதே நினைவில்லை, நூற்றாண்டுக் கணக்கில் வாழ்கிறவன். அவன் காசு கொடுத்து வாங்கியவன், அவள் விலைபோனவள், இதற்கு மேல் காதல் என்று பெயர் வைத்தால் யாருக்கும் நெருடத்தான் செய்யும். அவன் சங்கிலியை உடைத்துவிடுகிறானே என்று ரசிகர்கள் பதில் சொல்வார்கள். சரி, உடைத்தான். ஆனால் சிசேயைப் போன்ற 'ஸ்லே பெகி'களின் உடம்பு சுற்றியிருக்கும் மாயசக்தியை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அந்தப் பாரம் தாங்காமல் சீக்கிரமே செத்துப்போவார்கள், இதை அவன் அவளிடம் சொல்வதே இல்லையே! ரென்ஃப்ரெட் என்ற ரசவாதி வாயிலிருந்துதான் அவளுக்கே தெரிய வருகிறது.

ஆதரிப்பவர்கள் வேறு இடத்திலிருந்து பேசுகிறார்கள். சிசே கடத்தி வரப்பட்டவள் இல்லை, தன்னைத் தானே விற்கச் சம்மதித்தவள். அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், அம்மா இவள் கழுத்தை நெரிக்கப் பார்த்து, உன்னைப் பெற்றிருக்கவே கூடாது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு இவள் கண் முன்னாலேயே உயிரை விட்டாள், சொந்தக்காரர் வீடு வீடாகத் தள்ளப்பட்டு வளர்ந்தவள், யாராவது வேண்டும் என்று சொன்னால் போதும் என்ற நிலையில்தான் மேடை ஏறுகிறாள். இந்தக் கதையைப் படித்து அழுதேன் என்பவர்களில் பலர் காதலுக்காக அழவில்லை, இந்த இடத்துக்காக அழுகிறார்கள். இதுபோன்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு சிசேயின் அந்த வெறுமை பழகிய முகம்.

இதற்கு நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அவர்களுக்குக் காதலும் வேண்டாம் சண்டையும் வேண்டாம், நாட்டார் கதைகள் போதும். அவர்களுக்கு இது விருந்துதான். தேவாலயக் கல்லறையைக் காக்கும் கருப்பு நாய் ரூத், வாயே திறக்காமல் வீட்டு வேலை பார்க்கும் சில்கி, தேவதைகளின் அரசன் ஒபரான், அரசி டைட்டானியா, சாகவே முடியாமல் அலையும் கார்டஃபிலஸ் எல்லாம் பிரிட்டன், ஐரோப்பியப் பழங்கதைகளிலிருந்து வந்தவர்கள். ஐஸ்லாந்தில் நெவின் என்ற கிழட்டு டிராகன் இறந்து மரமாகும் அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனாலும் இதையெல்லாம் காட்டி முதல் அத்தியாயக் கேள்வியை மூடி மறைக்க முடியாது.

[திரையில்: டிராகன் குட்டி, மீண்டும் அதே ஏலம்]

இப்போது என் கட்சி. இரண்டு பக்கமும் முதல் அத்தியாயத்தை வைத்தே அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த ஏலத்துக்கான கணக்கைக் கதை தீர்க்கப் பார்ப்பது ஒன்பது தொகுதிகள் கொண்ட முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில். அங்கே என்ன நடக்கிறது? திருடப்பட்ட டிராகன் குட்டி ஒன்று ஏலத்துக்கு வருகிறது, சிசே விலைபோன அதே ஏலம். இந்த முறை அவள் மேடைக்குக் கீழே நிற்கிறாள். குட்டி வெறிபிடித்து வெளியே பாய்கிறது, அதை அடக்கப்போய் அதன் சாபத்தை இவள் தன் கையில் வாங்கிக்கொள்கிறாள். ஏற்கெனவே ஆயுள் குறைவு, இதில் சாபம் வேறு.

எலியாஸ் என்ன செய்கிறான் தெரியுமா? சாபத்தை இன்னொரு உயிர் மேல் இறக்கிவைக்க வழி தேடுகிறான். அதற்கு அவன் பிடித்த ஆள் ஸ்டெல்லா, சிசேக்குப் புதிதாகக் கிடைத்த தோழி, சின்னப் பெண். அவளோடு சிசே நேரம் செலவழிப்பதைப் பார்த்து ஏற்கெனவே பொறாமையில் வெந்துகொண்டிருந்தவன். காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் பிடிக்காதவளையும் ஒழித்துக்கட்டப் பார்க்கிறான், அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குப் படவில்லை. சிசேக்கு விஷயம் தெரிந்ததும் அவனை விட்டுக் கிளம்பிவிடுகிறாள்.

எனக்கு இந்தத் தொடர் பிடிபட்டது இங்கேதான். ஓர் உயிருக்கு விலை உண்டு, கொடுக்க முடிந்தவன் வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளில் நினைத்தவன் இன்னமும் அப்படியேதான் நினைக்கிறான். மாறியது அவள். யாராவது வாங்கினால் போதும் என்று நின்றவள், என் உயிரைக்கூட இந்த விலைக்கு வாங்கித் தராதே என்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். எலியாஸ் இரக்கமுள்ள இளவரசன் என்று கொண்டாடுகிற ரசிகர்கள் இந்த அத்தியாயங்களை எப்படித் தாண்டிப் போகிறார்களோ, எனக்குப் புரியவில்லை.

ஆனால் எதிர்ப்பவர்களுக்கு இன்னும் ஒரு பாயின்ட் பாக்கி இருக்கிறது, அதை நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எலியாஸைச் சுற்றி இருப்பவர்கள், அவனை வளர்த்த லிண்டல், பாதிரியார் சைமன், எல்லோருமே அவன் ஒரு வளர்ந்த குழந்தை, உணர்ச்சி புரியாதவன் என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிடுகிறார்கள். திட்டுவார்கள், அத்தோடு சரி. குழந்தை என்றால் அப்புறம் கல்யாணப் பேச்சு எதற்கு? கல்யாணம் என்றால் குழந்தை என்ற சாக்கு எதற்கு? யமாசாகி இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துக்கொள்கிறார். ஒன்பதாம் தொகுதியில் இருவரும் திரும்பச் சேருவது அழகாகத்தான் வரைந்திருக்கிறது, ஆனால் ஸ்டெல்லா விஷயத்துக்கு அவன் கொடுத்த விலை எனக்குப் போதவில்லை.

[திரையில்: கல்லூரிப் பகுதி]

பத்தாம் தொகுதியிலிருந்து சிசே மாயவித்தை படிக்கப் போகும் கல்லூரிப் பகுதி. இங்கே இன்னொரு பிளவு. புது மாணவர்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள், பெயர் ஞாபகம் வைப்பதே பெரும்பாடு, சிசேயும் எலியாஸும் எங்கே போனார்கள் என்று பழைய வாசகர்கள் புலம்புகிறார்கள். நியாயமான புலம்பல், மெதுவாகத்தான் நகர்கிறது. பிலோமிலா என்ற பெண்ணுக்காக நான் பொறுத்துக்கொண்டேன். பாட்டியின் கொடுமைக்குக் கீழ் வாயில்லாமல் வளர்ந்தவள், பழைய சிசே எப்படி இருந்தாளோ கிட்டத்தட்ட அப்படி, அவளுக்குக் கை நீட்டுகிற இடத்தில் இப்போது சிசே இருக்கிறாள், காசு எதுவும் கைமாறவில்லை. காதலுக்காக வந்தவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது என்பதும் உண்மை.

அனிமேவா (அதாவது அனிமேஷன் தொடரா) மங்காவா என்று கேட்பவர்களுக்கு: விட் ஸ்டுடியோ 2017 அக்டோபரிலிருந்து 24 எபிசோடில் முதல் ஒன்பது தொகுதியை எடுத்திருக்கிறது, இசையும் நிறமும் பிரமாதம். கல்லூரிப் பகுதியை 2023-இல் ஸ்டுடியோ காஃப்கா எடுத்தது. ஆனால் எலியாஸின் அந்த மண்டை ஓட்டு முகத்தில் எந்த அசைவும் இல்லாமலேயே யமாசாகி கோபத்தையும் தவிப்பையும் வரைந்துவிடுகிறாரே, அதற்காக நான் மங்காவைத்தான் சொல்வேன். ஏலக் காட்சி ஒத்துவராது என்று புத்தகத்தை மூடி வைத்தவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். பாதியில் நிற்பவர்கள் ஸ்டெல்லா வரைக்கும் போய்விட்டு, எலியாஸை மன்னித்தீர்களா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.