பவர் பட்டனை அழுத்தியும் ஓடாத கணினி

வணக்கம் நேயர்களே. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டுகிறவர்கள், அது ஓடவில்லை என்றதும் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் இணைப்பில்தான் இருக்கும். அதனால் எதையும் கழற்றாமல் பட்டனை அழுத்திப் பாருங்கள். அசைவே இல்லையா? விசிறி சுற்றிய வேகத்தில் நின்றுவிடுகிறதா? விசிறி ஓடியும் திரை இருட்டாக இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

அசைவே இல்லை என்றால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பின்புறத்துச் சுவிட்சையும், அதிலிருந்து வரும் 24 பின் பிளக் மதர்போர்டில் பூட்டு விழும்வரை இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு கேபினட் பட்டனிலிருந்து வரும் ஒயரை உருவிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். இப்போது ஓடினால், பட்டனோ ஒயரோதான் காரணம். எந்தப் பின்கள் என்பது மதர்போர்டு கையேட்டில் இருக்கும்; ஊகித்துத் தொட வேண்டாம்.

சுற்றி உடனே நின்றால் ஷார்ட்டைச் சந்தேகியுங்கள். மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டு, திருகுத் துளை இல்லாத இடத்தில் கூடுதலாக ஒன்று நின்றாலே போதும், போர்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும்.

ப்ராசசருக்கான 8 பின் ஒயரில் தனிக் கவனம் வேண்டும். அது நான்கும் நான்குமாகப் பிரியும்; கிராபிக்ஸ் கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்கள், வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயரை அது பொருந்தினாலும் மாட்டக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது நியதி கிடையாது. ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகலாம்.

விசிறி ஓடியும் படம் வராததுதான் அதிகம் குழப்புவது. திரையின் ஒயர் மதர்போர்டில் இருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டிலா? ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்ற ப்ராசசர்களிலும், பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் ப்ராசசர்களிலும் உள்ளேயே படம் தரும் பகுதி கிடையாது. கார்டில்தான் ஒயர் செருக வேண்டும்.

அடுத்தது ரேம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ஒரு ரேமை, ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். பலர் பாதியில் கை எடுத்துவிடுகிறார்கள். டிடிஆர்5 வகை ரேம் என்றால் முதல்முறை பல நிமிடம் திரை இருட்டாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்ள போர்டு எடுக்கும் நேரம் அது. பொறுங்கள், நடுவில் அணைக்காதீர்கள்.

பி450 என்ற பழைய வகை மதர்போர்டில் 5000 வரிசை ரைசனைப் போட்டால், போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும்வரை அது ஓடாது. பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து ப்ராசசர் இல்லாமலேயே புதுப்பிக்கலாம். கோப்பின் பெயரைக் கையேடு சொல்வதுபோல மாற்றியாக வேண்டும். புதுப்பிக்கையில் போர்டில் விளக்கு மின்னும்போது கரண்ட் போகக் கூடாது, யூ.பி.எஸ். இருந்தால் நல்லது.

இதற்கும் மசியவில்லையா? ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப் பெட்டிமேல் வையுங்கள். ப்ராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ்., தேவையானால் கிராபிக்ஸ் கார்டு, இவை மட்டும் போதும். ஓடினால், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு பாகமாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அந்தப் பாகத்தை மட்டும் கடைக்கு எடுத்துச் சென்றால் போதும். எஸ்.எம்.பி.எஸ். மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். வணக்கம்.