ஆறரை மணி ஜெபம் (பட்டிமன்றப் பேச்சு)

நடுவர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசத்தில நிலைச்சு நிக்க விடாமக் கூடுதலாத் தடுக்கிறது வாழ்க்கைப் போராட்டமா, கவனச்சிதறலா? நான் கவனச்சிதறல் எண்டு பேச வந்தவன்.

எனக்கு முதல் பேசின எதிரணித் தங்கச்சி ஒரு குத்துக் குத்திப்போட்டுத்தான் இறங்கினா. "போன் சத்தத்துக்கே விழுற விசுவாசம் எண்டா அது விசுவாசமே இல்ல, போனை ஓஃப் பண்ணினா முடிஞ்சுது, சுனாமிய ஓஃப் பண்ணுவீங்களா அண்ணன்?" நீங்களும் நல்லாக் கை தட்டினீங்க. நான் கோவிக்கல்ல. ஆனா இதுக்குப் பதில் சொல்லாம வேற ஒண்டும் பேசப்போறதில்ல.

தங்கச்சி, சுனாமியப் பற்றி எங்கட அம்மம்மாக்கிட்டக் கேட்டிருக்கோணும். வீடு மட்டக்களப்புக் கல்லடி. 1978 நவம்பர் சூறாவளியில கூரை போச்சு. மறுகா சண்டைக் காலம். கறண்ட் இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, ஊரடங்கு, வெளிய சூட்டுச் சத்தம். குப்பி விளக்கக் கொளுத்தி வெச்சு, பாட்டுச் சத்தம் ரோட்டுக்குப் போகாம மெல்லமாப் பாடித்தான் ஆறரை மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்குமாம், எண்ணெய் முடிஞ்சா இருட்டுக்குள்ள அம்மம்மா 91ஆம் சங்கீதத்த மனப்பாடமாச் சொல்லுவாவாம். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. வீடே போச்சு. பெரிய மாமாவும் போனார். அந்த மனிசி முகாமில பாய் விரிச்ச முதல் நாள் பின்னேரம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மணி ஆறரை ஆயிற்றா மனே?"

மறுகா என்ன நடந்தது? புது வீடு கட்டித் தந்தாங்க. கறண்ட் வந்திச்சு. டீவி வந்திச்சு. ஆறரைக்கு ஒரு நாடகம். அம்மா சொன்னா, கொஞ்சம் பொறுங்கம்மா, ஏழுக்கு ஜெபிப்பம். ஏழுக்கு அடுத்த நாடகம். சரி, ஏழரை. ஏழரைக்கு அப்பாக்குச் செய்தி, கொஞ்சம் பொறுங்க மாமி. எட்டுக்கு நான் ரியூஷனால வந்து சாப்பிடோணும், கொஞ்சம் பொறுங்க அம்மம்மா. ஒன்பதுக்குத் தம்பி நித்திரை. அம்மம்மா பாயில இருந்து வேதாகமத்த மடியில வெச்சுக்கொண்டு எல்லார்ர முகத்தையும் பார்ப்பா. வீட்ட ஆராவது ஜெபம் வேணாம் எண்டு சொன்னாங்களா? ஒருத்தரும் சொல்லல்ல சபையே! எல்லாரும் சொன்னது "கொஞ்சம் பொறுங்க". சூறாவளி கூரையத் தூக்கிச்சு, ஆறரையத் தூக்கல்ல. கடல் வீட்ட எடுத்திச்சு, ஆறரைய எடுக்கல்ல. எங்கட ஆறரைய எடுத்தது ஒரு நாடகம், அதுவும் அரை அரை மணித்தியாலமாத் தள்ளித் தள்ளி, எங்களுக்கே தெரியாம.

போனை ஓஃப் பண்ணினா முடிஞ்சுது எண்டீங்க. ஓஃப் பண்ணுற கைய எங்க தங்கச்சி தேடுற? அது முதல்ல எடுக்கிறதே அந்தக் கையத்தானே! சுனாமி வந்தா "ஆண்டவரே" எண்டு கத்துறம். போன் அடிச்சா ஆராவது கத்தினீங்களா?

வேதத்தில தேமா எண்டு ஒருத்தர். பவுல் கட்டுண்டு கிடந்த காலத்தில பக்கத்தில நிண்டவர், கொலோசெயர் 4 இல வாழ்த்துச் சொல்லுறார். 2 தீமோத்தேயு 4 இல பவுல் எழுதுறார், தேமா என்ன விட்டுட்டுத் தெசலோனிக்கேக்குப் போயிட்டான் எண்டு. ஏன் போனானாம்? அடிக்குப் பயந்து எண்டு பவுல் எழுதல்ல, இந்த உலகத்தில ஆசை வெச்சு எண்டுதான் எழுதியிருக்கார். எங்கட ஊரையே பாருங்க, 1813 டிசம்பரில இங்கிலாந்தில கப்பல் ஏறின மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியார், வழியிலயே மனைவி செத்து, தலைவரா வந்த தோமஸ் கோக் ஐயாவும் கடல்லயே செத்து, அப்படியும் 1814 இல தனிய மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, வருசம் ஒண்டு முடியிறதுக்குள்ள 1815 ஏப்ரலில இஞ்சயே மண்ணுக்குள்ள போனார். போராட்டம் அவர்ர உயிரத்தான் எடுத்திச்சு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கட ஊர்ச் சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்ச நாள். கனக்கப் பேச மாட்டன். பிள்ளையப் பறிகொடுத்த ஆக்கள் இந்த ஊரில இருக்காங்க. அந்தச் சபை இண்டைக்கும் கூடுது, பாடுது. அவங்களுக்கு முன்னால நிண்டு போராட்டம் விசுவாசத்தக் கொல்லும் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது தங்கச்சி.

கடைசியா ஒண்டு. போன வருசம் அம்மம்மா ஆஸ்பத்திரியில. நான்தான் கட்டில் பக்கத்தில நிண்ட. பின்னேரம் கண் முழிச்சுக் கேட்டா, "மணி ஆறரை ஆயிற்றா மனே?" என்ட கையில போன். நான் நிமிந்தும் பார்க்கல்ல. "கொஞ்சம் பொறுங்க அம்மம்மா" எண்டன். அவ பொறுக்கல்ல. தானாவே 91ஆம் சங்கீதத்தச் சொல்லத் தொடங்கிட்டா. பாதியில மூச்சு வாங்கி நிண்டு, மிச்சத்த நீ சொல்லு எண்டுற மாதிரி என்னைப் பார்த்தா. எனக்குப் பாடம் இல்ல. போனில தேடினன் சபையே, தேடி எடுத்து நிமிரக்குள்ள அவ கண்ண மூடிட்டா. மறுநாள் விடிய முடிஞ்சுது.

இப்ப 16 வசனமும் எனக்குப் பாடம்.

நடுவர் ஐயா மணி அடிக்கிறீங்க, விளங்குது. தீர்ப்புக் கேக்க நான் நிக்க மாட்டன், மன்னிச்சுக் கொள்ளுங்க. இப்ப நேரம் ஆறு அஞ்சு. பாலத்தால போனா ஆறரைக்கு முதல் வீட்ட போயிருவன். அம்மா பாய் போட்டுட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பா.