முள்ளு நிக்கட்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் மாஸ்டர் அவர்களே, திருவிழாவுக்கு வந்து இந்தத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம். மழைக்கு ஒதுங்கியவர்களுக்கும் சேர்த்துத்தான் வணக்கம்.

நிம்மதிக்கு வழி வாய்மூடி இருப்பதா, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவதா என்று நமக்குத் தலைப்பு. சொல்லிவிடுவதே என்று பேச வந்திருக்கிறேன். மாஸ்டர் "மௌனம் கலக நாஸ்தி" என்று ஆரம்பித்து, லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், சண்டை வராமல் இருக்க வேண்டுமென்றால் மாமியாரும் மருமகளும் வாயை மூட வேண்டும் என்று முடித்தார். மாஸ்டர் இப்போது டவுனில் தனி வீட்டில் இருக்கிறார், அதனால் மறந்துவிட்டார். லயத்தில் பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டில் கேட்கும். அங்கே இரண்டு பேர் பேசாமல் இருப்பதும் கேட்கும் ஐயா! காலையில் பீலிக்கரைக்குக் குடத்தோடு போகிறவள் முகத்தைப் பார்த்தே, "என்ன, உன் மாமியா பேசலையா?" என்று கேட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தப் பேசாத பேச்சுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் வைப்பார்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது அது வேறு கதையாகியிருக்கும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நாம் சொல்லாமல் விட்டதை யாரோ ஒருவர் தன் வசதிக்கு நிரப்பிக்கொள்வார்.

எங்கள் தோட்டத்துக் கதை ஒன்று. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்காக நிற்பேன். வட்ட முகம் வைத்த தராசு, கொக்கியில் கூடையை மாட்டுவார்கள். மாட்டியதும் முள்ளு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அது ஆடும்போதே கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். எப்படியோ, முள்ளு குறைந்த எண் பக்கம் போகும்போதுதான் அவர் கண் அதில் படும்! அதிலும் ஈரக்கொழுந்து என்று கொஞ்சம் கழிப்பார்கள். ஒரு கிலோ இரண்டு கிலோவில் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்து அடுப்போடு பேசுவார்.

ஒருநாள் பெரியம்மாவின் முறை. கூடையை மாட்டினார்கள். எண்ணைச் சொல்லக் கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கும்போது பெரியம்மா சொன்னார், "ஐயா, முள்ளு நிக்கட்டும்." சத்தம் போடவில்லை, திட்டவுமில்லை. வரிசை முழுக்க அமைதி. முள்ளு நின்றது. அவர் சொல்ல இருந்த எண் என்னவோ, முள்ளு காட்டிய எண்ணைத்தான் எழுத வேண்டியிருந்தது.

சரி, அதற்கு விலை இல்லையா? இருந்தது, மறைக்க மாட்டேன். அடுத்த வாரம் முழுக்கப் பெரியம்மாவைத் தூரத்து மலைக்கு, கொழுந்து குறைந்த இடத்துக்குப் போட்டார்கள். ஆனால் அதற்குள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூடையை மாட்டிவிட்டு முள்ளைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அம்மாவும்தான்.

மாஸ்டர் "யாகாவா ராயினும் நாகாக்க" என்றார். காக்கத்தான் சொன்னார் வள்ளுவர், பூட்டிவைக்கச் சொல்லவில்லை. வாய் திறக்கவே கூடாதென்றால் அதே ஆள் எதற்குச் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் எழுதினார்? பேசுவதென்றால் வாய்க்கு வந்ததைக் கொட்டுவது என்று மாஸ்டராகவே வைத்துக்கொண்டார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேச ஐயரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் பட்ட கஷ்டத்தைக் கூட்டங்களில் பாட்டாகப் பாடினார். அதுவும் மனதில் பட்டதைச் சொன்னதுதான்.

"பேசியவன் என்ன ஆனான்? 1940இல் முல்லோயா தோட்டத்தில் போராட்டத்தின்போது தொழிலாளி கோவிந்தனைப் பொலிஸார் சுட்டார்களே" என்று மாஸ்டர் கேட்டபோது கொட்டகையே அடங்கிப்போனது. அதற்கு என்னிடம் வேடிக்கைப் பதில் கிடையாது. ஆனால் பேசாமல் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1948இல் மலையகத் தமிழரான நமக்குப் பிரஜாவுரிமை போனது, அடுத்து வாக்குரிமை போனது. நமக்காகப் பேச நாமே ஆளனுப்பும் வழி அடைபட்டது. 1964இல் கொழும்பும் டெல்லியும் உட்கார்ந்து பேசின. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லயத்துக் கதவைத் தட்டி "நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்" என்று கேட்டுவிட்டா அந்தக் கணக்கைப் போட்டார்கள்? முள்ளு ஆடும்போதே எண் சொன்ன கதைதான் அதுவும். அதனால்தான் நம் வாயை அடைக்க அவ்வளவு பாடுபட்டார்கள்.

இன்னொன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், மணிக்காரர் என்னையே பார்க்கிறார். 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். பிரேஸ்கேர்டில் என்று பேர், துரை வேலை பழக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். ஆளுநர் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். வழக்கு கொழும்புக்குப் போனது. அவசர நிலை இல்லாதபோது ஒருவரை இப்படி நாடு கடத்த ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்த நாட்டில் தனிமனிதச் சுதந்திரத்துக்கு இன்றும் காட்டும் வழக்குகளில் ஒன்று நம் மலையில் பேசிய பேச்சிலிருந்து பிறந்தது ஐயா. அன்று அந்த மேடையில் அவர் வாய்மூடி இருந்திருந்தால், யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா இப்போதே ஏதோ எழுதுவது தெரிகிறது. எதிரணியில் இன்னும் ஒரு டீச்சர் பேச வேண்டியிருக்கிறது. ஐயா, முள்ளு நிக்கட்டும்.