துவக்கு ரவைய வீட்டில நிரப்பினா மலிவோ, கடையில வாங்கினா மலிவோ? ஒரு கிரயக் கணக்கு

வணக்கம் பிள்ளையள். ஏஎல் கணக்கியல் சொல்லித்தாற சனலில துவக்கு ரவையப் பற்றி என்ன கதை எண்டு யோசிப்பியள். ஒன்ராறியோவில இருக்கிற மாமாட மகன் மான் வேட்டைக்குப் போறவர், போன வருசம் போன்ல, "மச்சான், ஒரு பெட்டி ரவை வாங்கவே பயமா கிடக்கு, நிரப்புற சாமான் வாங்கி நானே வீட்டில செய்யப்போறன், லாபமோ எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லு" எண்டார். கணக்க எழுதிப் பாத்தா இது நிலையான கிரயம் (ஒருக்காப் போடுற காசு), மாறும் கிரயம் (ஒவ்வொண்டுக்கும் போற காசு) எண்டு நாங்கள் போர்டில போடுற அதே கேள்விதான்.

முதல்ல ஒண்டு. கனடாவில துவக்கு லைசன்ஸ் உள்ளவர் தன்ர பாவனைக்கு மட்டும் ரவை நிரப்பலாம், விக்கேலாது. இஞ்ச இலங்கையில அந்தக் கதையே வேண்டாம், துவக்கு வச்சிருக்கவே அரசாங்கத்தின்ர லைசன்ஸ் வேணும். காணி துப்பரவாக்கேக்க பழைய ரவையோ கோதோ கண்டா கை வைக்காம பொலிசுக்குச் சொல்லுங்கோ.

[திரை: ரவை ஒண்டின்ர குறுக்குவெட்டுப் படம்]

சரி, ஒரு ரவையில நாலு சாமான் இருக்கு. பித்தளைக் கோது, அடியில தட்டினா தீப்பொறி குடுக்கிற பிரைமர், உள்ள வெடிமருந்து, முன்னுக்கு பறந்து போற சன்னம். சுட்டாப் பிறகு பிரைமர் செத்துப்போகும், மருந்து எரிஞ்சிடும், சன்னம் போயிடும், கோது மட்டும் மிஞ்சும். நாலுக்கையும் விலை கூடினதே அந்தக் கோதுதான், முந்தி சோடாப் போத்தல் திருப்பிக் குடுத்து அடுத்த சோடா எடுத்தமே, அதே யோசினைதான் இது. கோது திரும்பப் பாவிக்கலாம் எண்டதுதான் இந்த வேலை முழுக்க நிக்கிற இடம், அது இல்லாட்டி ஒருத்தரும் ரவைக் கம்பனியோட போட்டி போடேலாது.

மச்சானிட்ட இருக்கிறது பழைய லீ என்ஃபீல்ட் துவக்கு, த்ரீ நொட் த்ரீ (.303) ரவை போடுறது. எங்கட ஊர்ப் பெரியாக்களுக்கு இந்தப் பேரச் சொன்னாக் காணும், பொலிசின்ர தோளில பாத்த துவக்கு. கனடாவில வடக்குப் பக்கம் காவல் நிக்கிற ரேஞ்சர்ஸ் கூட 2010கள் மட்டும் இதத்தான் தூக்கிக்கொண்டு திரிஞ்சவை. முந்தி யுத்த கால மிச்ச ரவை மலிவா வந்துகொண்டிருந்தது, அது முடிஞ்சுபோக இப்ப புதுசா செய்யிற ரவைதான், அதால விலை.

விலையள் கடைக்குக் கடை மாறும், கணக்குக்கு இப்பிடி வைப்பம். இருபது ரவைப் பெட்டி 50 டொலர், அப்ப ஒண்டு 2.50.

இனி நிரப்புற பக்கம். பிரைமர் 15 சதம். மருந்து ஒரு இறாத்தல் 65 டொலர் எண்டு வைப்பம், இறாத்தலுக்கு 7000 கிரெய்ன், இந்த ரவைக்கு சுமாரா 40 கிரெய்ன் போகும் எண்டா 175 ரவை வரும், ஒண்டுக்கு 37 சதம். (இது காசுக் கணக்குக்கு மட்டும், நிரப்புறவர் மருந்துக் கம்பனி அடிச்ச கைநூலில கிடக்கிற அளவ விட்டு அரைக் கிரெய்னும் விலகக்கூடாது, கூடினா துவக்கு முகத்தில வெடிக்கலாம்.) சன்னம் 60 சதம். கோது புதுசா வாங்கினா 1.50, அஞ்சு தரம் பாவிச்சா ஒருக்காலுக்கு 30 சதம். கூட்டினா 1.42. ரவைக்கு 1.08 மிச்சம்.

உபகரணம்: அமத்துற பிரஸ், அச்சு, தராசு, அளவுகோல், கோது கழுவுற மெசின், எல்லாமா 650 டொலர் எண்டு போடுங்கோ. 650ஐ 1.08ஆல பிரிச்சா ஏறக்குறைய 600 ரவை. அங்கதான் லாபமும் இல்ல நட்டமும் இல்ல எண்ட புள்ளி.

ஆனா 600 ரவை எண்டது ஆருக்கு எவ்வளவு காலம்? மச்சான் வருசத்துக்கு ரெண்டு பெட்டி, 40 வெடி, அப்ப 15 வருசம்! மனுசனுக்கு இப்பவே முழங்கால் நோ. அதே நேரம் ரேஞ்சில போய் மாசம் 200 வெடி இலக்குக்குச் சுடுற ஒருத்தருக்கு மூண்டு மாசத்தில போட்ட காசு வந்திடும், அதால ரவை நிரப்பினா மலிவு எண்டும் பொய் எண்டும் ரெண்டு பகுதி சண்டை பிடிக்கினமே, ரெண்டு பகுதியும் தங்கட தங்கட கணக்கில சரிதான்.

இதில எனக்குப் பிடிச்ச இடம் கோதின்ர பெறுமானத்தேய்வு, பாவிக்கப் பாவிக்க பெறுமானம் குறையிறது. த்ரீ நொட் த்ரீ கோதுக்கு அடியில விளிம்பு இருக்கு, துவக்கில ரவை போய் இருக்கிற அறையும் யுத்த காலத்தில சேறு மண்ணுக்குள்ளயும் வேலை செய்யோணும் எண்டு கொஞ்சம் தாராளமாத்தான் வெட்டினவை, அதால ஒவ்வொரு வெடிக்கும் கோது இழுபட்டு அடிக்குக் கிட்ட மெலிஞ்சுகொண்டு வரும், முழுக்கோதையும் அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தா அது இன்னும் கெதியா நடக்கும், கடைசியில அந்த இடத்திலயே அறுந்துபோகும். சன்னத்தப் பிடிக்கிற கழுத்த மட்டும் அமத்தினா கனகாலம் வரும், ஆனா அந்தக் கோது அதே துவக்குக்கு மட்டும்தான் சரிவரும். மூண்டு தரத்தில போனா ஒருக்காலுக்கு 50 சதம், எட்டுத் தரம் வந்தா 19 சதம். ஆயுளக் கூட்டிச் சொல்லி லாபத்த ஊதிக் காட்டுறது கம்பனிக் கணக்கில மட்டும் நடக்கிற விளையாட்டில்ல எண்டு இப்ப விளங்குதோ?

வேற ரவையளக் கெதியாப் பாப்பம். 223 எண்ட சின்ன ரவை மொத்தமா வாங்கினா 80 சதம் எண்டு வைப்பம், ரேஞ்சில பொறுக்கின கோதில நிரப்பினாலும் 60 சதம் வரும். மிச்சம் 20 சதம், அந்தப் புள்ளிக்கு 3250 ரவை வேணும். 338 லப்புவா மாதிரி பெரிய தூரத்து ரவை ஒண்டு 7 டொலர், நிரப்பினா 2.75, நூற்றைம்பது வெடியோடயே 650 திரும்பிடும். ரவை பெரிசாகவும் அருமையாகவும் இருக்க இருக்க நிரப்புறவருக்கு லாபம், கம்பனி கோடிக்கணக்கில அடிக்கிற ரவைக்கு அவையளோட நிக்கேலாது.

நேரத்தையும் போடோணும். சாதாரண பிரஸில மணிக்கு ஒரு 50 ரவை. 223 எண்டா மணித்தியாலத்துக்கு 10 டொலர் மிச்சம், ஒன்ராறியோவில குறைஞ்ச சம்பளமே 17 டொலருக்கு மேல. பொழுதுபோக்கா விரும்பிச் செய்யிற ஆக்கள் நேரத்தக் கணக்கில எடுக்கிறேல்ல, அது அவையின்ர விருப்பம்.

மாறும் கிரயமும் இப்ப நிண்ட இடத்தில நிக்கிறேல்ல. 2020இல கொரோனாவோட அமெரிக்காவில சனம் துவக்குக் கடையளுக்கு விழுந்தடிச்சுப் போக, அதே வருசம் துவக்கும் ரவையும் செய்யிற றெமிங்டன் கம்பனியும் வங்குரோத்தாக, பிரைமர் காணக் கிடைக்கேல்ல. அங்க முந்தி மூண்டு நாலு சதத்துக்கு வித்த பிரைமர் பிறகு அதின்ர ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. 2022இல உக்ரேன் சண்டை துவங்க மருந்தும் ஏறிச்சு, ஏனெண்டா துவக்கு மருந்துக்கும் ஆட்டிலறி செல் தள்ளுற மருந்துக்கும் மூலப்பொருள் ஒண்டுதான், பருத்திப் பஞ்சில இருந்து எடுக்கிற நைட்ரோசெலுலோஸ். கடையில விக்கிற ரவையும் சேர்ந்து ஏறினதால வித்தியாசம் முழுசா அழியேல்ல, ஆனா பழைய வீடியோவளில வாற பாதி விலைக் கதைய நம்பி இப்ப சாமான் வாங்காதேங்கோ.

இந்தக் கணக்கப் பாத்திட்டு மச்சான், கூட வேட்டைக்கு வாற சிநேகிதரோட சேர்ந்து பாதிப் பாதியா பிரஸ் வாங்கட்டோ எண்டு கேட்டார். நல்ல கேள்வி, உங்களுக்கும் அதத்தான் பயிற்சியாத் தாறன். ஆளுக்கு 325 டொலர், ரவைக்கு 1.08 மிச்சம், வருசம் 40 வெடி. அஞ்சு வருசத்தில உபகரணத்த 200 டொலருக்கு வித்துப்போட்டுக் காசப் பிரிச்சா, கடையில வாங்கினதவிட ஆளுக்கு லாபமோ நட்டமோ, எவ்வளவு?

[திரை: விடை, ஆளுக்கு 9 டொலர் நட்டம்]