குரூப்பில் பத்தாவதாகச் சிரிப்பவன்

[திரையில்: வகுப்பு வாட்ஸ்அப் குரூப். ஒரு மாணவனின் படத்துக்குக் கீழே சிரிப்பு எமோஜிகள் குவிகின்றன.]

தனியாக இருந்தால் இந்தப் பையன் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டான். ஒன்பது பேர் சிரித்துவிட்டார்கள், அதனால் இவனும் ஒரு எமோஜியைத் தட்டிவிட்டான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இரக்கமே இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இவனுக்கு இரக்கம் இருக்கிறது. நண்பர்கள் பார்க்கும்போது அதைக் காட்டத்தான் முடியவில்லை.

[திரையில்: மஞ்சள் சிக்னலை நோக்கி ஓடும் வீடியோ கேம் கார்.]

2005இல் உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு இது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் காரை எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதுதான் விளையாட்டு. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைப் போலத்தான் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் வந்ததும் துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

பாராட்டுக்கு ஏங்கும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் சுறுசுறுப்பாக இருக்கின்றன. "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

சரி, அப்படியென்றால் நட்பே ஆபத்தா? இல்லை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம், கையில் இருப்பதைக் குழுவுக்குக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். கொடுத்ததற்கு அதே வயதுக்காரர்கள் லைக் போட்டபோது அதிகம் கொடுத்தார்கள். வைத்துக்கொண்டதற்கு லைக் விழுந்தபோது கை சுருங்கியது.

[திரையில்: பள்ளி நடைபாதை. ஆரஞ்சு நிறக் கைப்பட்டைகள்.]

இதைப் பள்ளிக்கே கொண்டுபோனவர் உளவியலாளர் எலிசபெத் லெவி பாலக். அவருடைய குழு 2012-13 கல்வியாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் மாணவர் மோதலைக் குறைக்கும் ஒரு திட்டத்தை நடத்தியது. நல்ல பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி, குலுக்கல் முறையில் ஒரு சிறு மாணவர் குழு. நம்மூர் ஆசிரியர்கள் என்றால் முதலில் கிளாஸ் லீடரைத்தான் கூப்பிட்டிருப்பார்கள்! அந்தக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, தங்கள் பள்ளியில் எந்தச் சண்டை எப்படி மூள்கிறது என்று பேசியது. போஸ்டர்களைத் தாங்களே தயாரித்தார்கள். யாராவது இன்னொருவருக்கு ஆதரவாக நின்றால் ஒரு ஆரஞ்சுக் கைப்பட்டை. பெரியவர்களின் அறிவுரைக் கூட்டம் எதுவும் கிடையாது.

ஒரு வருடத்தில், மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைப் புகார்கள் மற்றப் பள்ளிகளைவிட 30 சதவீதம் குறைந்தன.

எல்லாரும் திடீரென்று பொறுமைசாலிகள் ஆகிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேலிக்குக் கைதட்டு கிடைக்காத இடத்தில், நாக்கைக் கடித்துக்கொள்ள அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

அந்த மாணவர் குழுவில் செல்வாக்குள்ள பிள்ளைகள் அதிகம் இருந்த பள்ளிகளில் பலனும் அதிகம். அவர்களைக் கண்டுபிடிக்க மாணவர்களிடம் கேட்ட கேள்வி, யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதல்ல; சமீபத்தில் யாரோடு நேரம் செலவழித்தீர்கள் என்பது.