மருத்துவம் பெறும் உரிமை சிறை வாசலோடு முடிந்துவிடுகிறதா? அமெரிக்கப் பரோலின் மறுபக்கம்

அமெரிக்காவில் மருத்துவ உதவியை அரசமைப்பு உரிமையாகவே பெற்றிருப்பவர்கள் யார் தெரியுமா? சிறைக்கைதிகள்! கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கவனிக்காமல் விடுவது கொடூரத் தண்டனை என்று 1976இல், எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநோயும் இதில் அடங்கும் என்று கீழ் நீதிமன்றங்கள் பின்னர் ஏற்றன.

அதே மனிதர் பரோலில், அதாவது தண்டனைக்காலம் முடியும்முன்பே நிபந்தனைகளோடு விடுதலையாகி, வெளியே வந்துவிட்டால், அந்தக் கடமை பெரும்பாலும் அரசின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் நிலையும் இதுதான். இரு வகையிலுமாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்.

நியூயார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். நகரச் சிறைகளில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்களை விடுதலை நாளில் பஸ்ஸில் ஏற்றி, அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே குயின்ஸ் பிளாசாவில் இறக்கிவிட்டார்கள். கையில் ஒன்றரை டாலரும் இரண்டு முறை பயணம் செய்ய ஒரு மெட்ரோகார்டும். அவ்வளவுதான்! நாளைய மாத்திரைக்கு வழியில்லை. எந்த மருத்துவரிடம் போவது என்று சொல்லவும் ஆளில்லை. அந்த நேரத்தில் எந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும்? இதை எதிர்த்து 1999இல் 'பிராட் எச்.' என்ற பெயரில் கைதிகள் வழக்குத் தொடுத்தார்கள். வெளியேறும்முன் சிகிச்சைத் திட்டம், கையோடு மருந்து, காப்பீட்டு விண்ணப்பத்துக்கு உதவி என 2003இல் நகரம் இறங்கிவந்தது. வழக்குப் போட்டுத்தான் ஒரு வாரத்து மாத்திரையைக்கூட வாங்க வேண்டுமா?

ஒரு வாரம் என்ன பெரிது என்பவர்களுக்கு: வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு. முதல் காரணம், அளவுமீறிய போதைமருந்து.

காப்பீடும் கைவிடுகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட், சிறையில் இருப்பவரின் அன்றாடச் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. வெளியே வந்தபின் அதை மீட்க அலைய வேண்டும். விடுதலைக்கு முந்தைய 90 நாட்களிலேயே குறிப்பிட்ட சேவைகளைத் தொடங்க முதல் மாநிலமாகக் கலிஃபோர்னியா 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது.

இன்னொரு கொடுமை: 'சிகிச்சைக்குப் போ' என்பதே பரோல் நிபந்தனையாக இருக்கும். மருத்துவரிடம் இடம் கிடைக்காமல் போனாலும் நிபந்தனை மீறல் என்று எழுதப்படலாம். மறுபடி சிறைக்கே அனுப்பலாம். இது அநியாயம். சில மாவட்டங்களில் மனநோய் உள்ளவர்களுக்கென்றே பயிற்சி பெற்ற நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பொறுப்பில் குறைந்த ஆட்களே இருப்பதால், மருத்துவரைப் பார்க்கத் தவறினால் ஏன் வரவில்லை என்று முதலில் விசாரிக்கிறார்கள். இந்தப் பணியில் இருப்பவர்கள் யாராவது பார்க்கிறீர்களா? உங்கள் பொறுப்பில் எத்தனை பேர் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.